ஒப்பிக்காத சாட்சி

பிரியமுள்ள கத்தலீனா,

இதைக் கொண்டுவரும் மீனவருக்குச் சாப்பாடு போடு. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எனக்காகக் காத்திருக்காதே.

போன பயணத்தில் எங்களோடு வந்த மாலுமி பெனெத்தோவைப் புயல் கொண்டுபோனதாக ஜெனோவா கடல் நீதிமன்றத்தில் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னேன் அல்லவா? அன்று காற்றே இல்லை. வியாபாரிகள் ஏற்றிவிட்ட பட்டுப் பொதிகளைக் கேப்டன் வழியிலேயே விற்றுவிட்டார். புயலில் கப்பலைக் காப்பாற்ற அவற்றைக் கடலில் வீசினோம் என்று சாட்சி சொல்ல எங்களைப் பழக்கினார். பெனெத்தோவை அலை அடித்துப்போனது என்றும் அதில் ஒரு வரி. அவனோ எங்களோடு உட்கார்ந்து பிஸ்கோத்தை ஒயினில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏன் கேப்டன், சாகடிக்க நான்தானா கிடைச்சேன்?" என்று சிரித்தான்.

"ஒருத்தனாவது சாகலேன்னா அதைப் புயல்னு எந்த நீதிபதிடா நம்புவான்? நீ ஒப்பிக்க வேணாம், சும்மா இரு."

"அப்பாடா! எனக்கு மனப்பாடமே வராது."

கரை சேர்ந்தபோது அவன் கப்பலில் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான்.

இந்தப் பயணத்திலும் பொதிகளை விற்றாயிற்று. நேற்று கேப்டன் புதுப் புயலைச் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் வரிசையாக ஒப்பித்தார்கள். என் முறை வந்ததும், "நீ சும்மா இரு" என்றார்.

உன் புருஷன்