மேடையில் இடமில்லாத இரண்டு படிகள்

என் அருமைக் கன்னியப்பா,

உன் கட்டிலில் இப்போது வேறொருவன் படுக்கிறான். நல்லவன்தான், குறட்டைதான் தாங்கவில்லை. நீ தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாய். உன்னைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பிய பிறகு நடந்ததையெல்லாம் நான் யாரிடம் கொட்டுவது, சொல்?

உன் பெயரைச் சொல்லி இங்கே ஒரு விழா நடந்ததடா. பர் துபாய்ப் பக்கம் ஒரு ஹாலில், பழங்குடியினர் நாள் விழா. இருளர் குடியிருப்பிலிருந்து வந்து வளைகுடாவில் கிரேன் ஓட்டியவன் என்று உனக்குத்தான் முதல் மரியாதை என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஊரில் உன் பெண்சாதி வள்ளிக்குப் போன் போட்டேன், வீடியோ காலில் காட்டுகிறேன் என்றேன். அவள் குடியிருப்பையே கூட்டிவிட்டாள்.

விழா நடத்திய சங்கத்தின் தலைவர் உங்கள் வழக்கத்தைப் பற்றிக் கேட்டார். மாசி மகத்தைச் சொன்னேன். இருளர் ஜனமெல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் புடவையால் கூடாரம் கட்டித் தங்கி, விடியலில் மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மாளைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் முடிப்பார்கள் என்றேன். ஊருக்குப் போக முடியாத நீ, உங்கள் ஆட்கள் நாலைந்து பேரோடு மம்சார் கடற்கரையில் அதே ஏழு படியைக் கட்டியதையும் சொன்னேன். கற்பூரம் மட்டும் கிடையாது. போலீஸ் பார்த்தால் விஷயம் விசா கொடுத்த முதலாளி, அந்தக் கஃபீல் வரைக்கும் போய்விடும். ஜார்க்கண்டின் சந்தால் பழங்குடிக்காரர் ஒருவர், "யே ஹமாரா பி ஹை, பாய்", இது எங்களுடையதும்தான் என்று உன் பக்கத்தில் உட்கார்ந்து மணல் அள்ளினாரே, அதையும் விடாமல் சொன்னேன். தலைவர் எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையாட்டினார்.

விழாவன்று போய்ப் பார்க்கிறேன், மேடையில் தெர்மகோல் படி. ஐந்துதான். ஏழாச்சே என்றால், மேடையில் இடமில்லையாம். நீ ஹெல்மெட்டோடு கிரேன் கேபினில் சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோவைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதையும் காணோம்.

"சார், ஹெல்மெட் போட்டோ தீமுக்கு ஒட்டல. பாக்கறவங்களுக்கு ட்ரைபல்னு தெரியணும்ல?" என்றார் தலைவர்.

ஹெல்மெட்டை மாட்டினால் நீ இருளன் இல்லாமல் போய்விடுவாயா? கேட்டேன். சத்தம்கூடப் போட்டேன். பிள்ளைகள் ஒரு மாதமாகப் பிராக்டிஸ் செய்திருக்கிறார்கள், கோபப்படாதீர்கள் என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். உங்கள் ஆட்கள் இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். அவர்களைத்தான் கம்பெனி அபுதாபி சைட்டுக்கு மாற்றிவிட்டதே. ஒற்றை ஆளாக நான் என்னடா செய்வேன்?

அதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் இலை, முகத்தில் கரி, கையில் அட்டை ஈட்டியோடு பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடிவந்தன. அதுகளைச் சொல்லி என்ன பிரயோஜனம்? ஒரு வாண்டு, இலை குத்துகிறதென்று இங்கிலீஷில் அழுதது. ஹால் முழுக்கக் கைதட்டல். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, இவங்கல்லாம் யாருண்ணே? எந்த ஊரு ஜனம்?" என்றாள் வள்ளி.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவள் தோளுக்குப் பின்னால் உன் மகள், அக்கம்பக்கத்தார் என்று எத்தனை தலைகள். எல்லோரும் உன் முகம் வருமென்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்மாளு போட்டோ எப்பண்ணே காட்டுவாங்க?"

நெட்வொர்க் சரியில்லையம்மா என்று சொல்லிப் போனைத் துண்டித்துவிட்டேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு? மேடைக்குப் பின்னால் தேடி, நாற்காலிகளுக்கு நடுவில் கிடந்த உன்னை எடுத்துக்கொண்டு ரூமுக்கு வந்தேன். வள்ளி அதற்கப்புறம் அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வர லீவு கேட்டிருக்கிறேன். மேனேஜர் பார்க்கலாம் என்கிறார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? இந்த மகம் இல்லாவிட்டால் அடுத்த மகம், வேலையே போனாலும் வருவேன். படியில் கைவைக்க மாட்டேன், அது உங்கள் ஜனம் கட்ட வேண்டியது. எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்காருவேன். அந்த இலை கட்டியவர்கள் யாரென்று எனக்கும் தெரியாதம்மா, நம்மாளு இவர்தான் என்று சொல்லி, ஹெல்மெட்டோடு உன்னை வள்ளி கையில் கொடுப்பேன். இது சத்தியம்.

வள்ளி அண்ணே என்று கூப்பிட்டதால் உனக்கு மச்சானான,
தண்டபாணி