சிவப்பு மூடி டேங்க்

ஜூன் 11
எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். இன்று மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தார்கள். முதுகில் மாட்டி மருந்தடிக்கிற, சிவப்பு மூடி போட்ட டேங்க்.

ஜூன் 24
பருத்தியில் மொட்டு உதிர்கிறது. மகன் மருந்துக் கடைக்காரரை வயலுக்கே கூட்டி வந்தான். செடிக்குள் ஊறும் ஹார்மோன் குறைந்தால் காம்பு விட்டுவிடுமாம். வெளியிலிருந்து கொஞ்சம் அடித்தால் பிடித்துக்கொள்ளுமாம்.

"அளவு முக்கியம். அந்தக் களைக்கொல்லியும் இதே வகைதான். வளர வச்சே கொன்னுடும்" என்றார்.

"எந்த டேங்க்ல..." என்று வாயெடுத்தேன்.

"பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியுமா? தெரியாதில்ல? சும்மா உட்காருங்க" என்றான் மகன்.

"பெரியவருக்கும் ரெண்டு மூடி அடிங்க, கொஞ்சம் வளரட்டும்" என்றார் கடைக்காரர். இருவரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூன் 25
நாளைக்கு மருந்தடிக்க, மகன் அதே சிவப்பு மூடி டேங்கை எடுத்து வைத்திருக்கிறான். ஒரே ஒரு தடவை தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டினான். களைக்கொல்லி போக சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவ வேண்டும். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் என் தம்பி செய்த தப்பு. பருத்தி இலை தவளைக்கால் மாதிரி விரல் விரலாகப் போனதை இந்தக் கண் பார்த்தது.

மருமகள் பேனாவை நிறுத்தினாள். "மாமா, இப்பவே அவர்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லேன். அவன் கூடாதுன்னு சொல்லியும் நீ திருட்டுத்தனமா உங்கம்மாவுக்கு போன் பண்றியே, அத நான் சொல்றேன்."

இதையும் எழுது என்றேன். எழுதினாள்.

ஜூன் 26
அடித்தான். விசிலடித்துக்கொண்டே.

ஜூலை 4
நுனியெல்லாம் முறுக்கிக்கொண்டது. புது இலை அத்தனையும் தவளைக்கால். மகன் சாப்பிடவில்லை. நான் இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 8
நோயா, பூச்சியா என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்கிறான். சாயங்காலம் ஜூன் இருபத்தைந்தில் எழுதியதை மருமகள் அவன் முன்னால் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று அவனுக்குத் தெரியட்டும்.

"வேண்டாம் மாமா. உங்க கால்ல விழறேன்" என்கிறாள்.

எழுது.

ஜூலை 20
இது மகன் கையெழுத்து. சொல்வது நான்தான்.

அன்றைக்கு அவள் தவளைக்கால் வரைக்கும் படித்தாள். அதோடு நிறுத்திவிட்டாள். அவன் நோட்டைப் பிடுங்கி மிச்சத்தைத் தானே படித்தான். என்னைத்தான் அடிக்க வருவான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

"யார் கையெழுத்துடி இது?" என்றான்.

மறுநாள் பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று, "வரேன் மாமா" என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஜூலை 23
பருத்தியைப் பிடுங்கிவிட்டார்கள். தினமும் சாயங்காலம் மகன் நோட்டோடு என் கட்டிலருகே வந்து உட்காருகிறான். "சொல்லுங்க, எழுதறேன்" என்கிறான். வேறு பேச்சே இல்லை.

அவள் எப்போது வருவாள் என்று கேட்டேன்.

அதையும் எழுதிக்கொண்டான்.