திங்கள்கிழமைக்குள் நாலு பிளக்

வெள்ளி
காலையிலிருந்து தூறல். கவரைப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் என் சாப்பாட்டு வேன் மறுபடி இருமி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டினான். மெக்கானிக்கிடம் காட்டினேன். எஞ்சினில் பொறி கிளப்புகிற பிளக் நாலும் போய்விட்டதாம். புதன்கிழமைதான் கை வைப்பாராம். திங்கள் காலை கம்பெனி கேன்டீனுக்கு முதல் சப்ளை. இட்லி, பொங்கல். முதல் நாளே போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. புதன் வரை யார் காத்திருப்பது? நாலு பிளக், ஒரு பிளக் ஸ்பானர் வாங்கி வந்துவிட்டேன். நானே மாற்றப் போகிறேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரருக்கு அவர் அண்ணன் போன். ஸ்பீக்கரில் என் காதிலும் விழுந்தது. "ஊட்ல ஆம்பள இருக்க சொல்ல அது வண்டி ஓட்டுது. நீ குந்திக்கினு பாக்குற." இவர் ஸ்பீக்கரை மட்டும் அணைத்தார். இப்போதே என்னோடு வண்டியில் ஏறமாட்டார், பின்னால் பைக்கில்தான் வருவார். எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிறு
நல்ல வெயில். சீட்டைத் தூக்கினால் எஞ்சின். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பழைய பிளக் நாலையும் கழற்றினேன். முனையெல்லாம் அடுப்புக்கரி. உள்ளே சாம்பார் தீயும் வாடை, ஓடினேன். திரும்பி வருவதற்குள் இவரே புதுசு நாலையும் செருகிக் கையால் திருகி வைத்திருந்தார். உதவியாம். ஸ்பானர் போட்டு இறுக்கினேன்.

சாவியைத் திருப்பினால் வண்டி பிடிக்கவே இல்லை. மறுபடி. ம்ஹும். விடிந்தால் சப்ளை. மாவு வேறு ஆட்டியாயிற்று.

ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். பொறி வருகிற முனையில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நாலிலும்.

"இன்னாய்யா இது?"

"புதுச் சாமான். பொட்டு வெக்காம எப்டி மாட்றது?"

"பொட்ட நெத்தில வெப்பாங்க. நீ வாய்ல வெச்சிக்கிற."

"எது நெத்தி, எது வாயின்னு எனக்கு இன்னா தெரியும்?"

கோபம் போன இடம் தெரியவில்லை. சிரித்துச் சிரித்து விலா வலி. நாலையும் பெட்ரோலில் கழுவி, காயவைத்து மாட்டினேன். கப்பென்று பிடித்துக்கொண்டது.

திங்கள்
இன்றும் ஒரே திருப்பில் கிளம்பியது. அண்டாக்களை ஏற்றிய இவர் பைக்கை எடுக்கவில்லை. என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். கும்மிடிப்பூண்டி ரோடு முழுக்க கம்பெனி பஸ், ஆனாலும் நேரத்துக்குப் போய்விட்டோம். கேட்டில் செக்யூரிட்டி என்னை விட்டுவிட்டு இவரிடம், வண்டி ஓனர் நீங்களா என்று கேட்டார்.

"ஓனரு, டிரைவரு, மெக்கானிக்கு எல்லாம் அவங்கதான். நான் அண்டா எறக்க வந்தேன்."

அவங்க! என்னை, இவர்! சந்தோஷத்தில் கிளட்ச்சை விட்டுவிட்டேன். கேட்டிலேயே வண்டி ஆஃப்.