சிறப்புரையாளர் குறிப்புகளில் செய்த திருத்தங்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு நலம். அங்கும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உன் கணவனைக் கேட்டால் "இருக்கோம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை.

நீ கொடுத்த வேலை முடிந்தது. போக்குவரத்துத் தொழில்நுட்ப மாநாட்டில் சிறப்புரை ஆற்றப்போகும் மூவரைப் பற்றிய குறிப்புகளையும் திருத்தி, நீ சொன்னபடி நேராக அச்சகத்துக்கே அனுப்பிவிட்டேன். "மூச்சு விட நேரமில்ல அத்தை, முடிச்சதும் அங்கயே அனுப்பிடுங்க" என்றாயே, இனி நிம்மதியாக மூச்சு விடு.

எழுத்துப்பிழை அதிகமில்லை. உண்மையும் அதிகமில்லை. மூவருமே 'தொலைநோக்குச் சிந்தனையாளர்'. மூவருமே 'நாளைய பயணத்தை இன்றே வடிவமைப்பவர்'. பெயரை மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. எங்கள் கான்வென்ட்டில் கட்டுரையில் 'மிக' என்று எழுதினால், எவ்வளவு என்று சிஸ்டர் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்பார். குறிப்புகளின் அடியில் தொலைபேசி எண்கள் இருந்தன. கேட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்டேன்.

முதலாமவர் போக்குவரத்தில் முப்பதாண்டு அனுபவம் என்று போட்டிருந்தார். வயது முப்பத்தெட்டாம். எப்படி என்று கேட்டதற்கு, எட்டு வயதில் மாமாவின் வாடகை சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றடித்ததிலிருந்து கணக்காம். "அதுவும் போக்குவரத்துதானே மேடம்?" என்றார். மறுப்பதற்கில்லை. 'காற்றடிப்பதில் தொடங்கி இன்று மின்சாரப் பேருந்துகள் செய்பவர்' என்று எழுதினேன்.

இரண்டாமவர் ஒரு பெண்மணி. 'நகர்ப்புற நகர்வு ஒருங்கிணைப்பு வல்லுநர்'. என்னம்மா செய்கிறாய் என்று நேராகக் கேட்டேன். எங்கள் ஊர் உட்படப் பல ஊர்களில், எந்தச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று முடிவு செய்கிறாளாம். நீதானா அது என்றேன். மருந்துக்கடைச் சந்திப்பில் நான் பாதி தூரம் போவதற்குள் பச்சை அணைந்துவிடுவதைச் சொன்னேன். பொறுமையாகக் குறித்துக்கொண்டு, சரிசெய்கிறேன் என்றாள். நல்ல பெண். 'புகார்களை இவரிடமே சொல்லலாம்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

மூன்றாமவர் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார் செய்பவர். இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "உங்ககிட்ட சொல்றதுக்கென்னம்மா, ஓட்டுநர் உரிமத் தேர்வுல அஞ்சு தடவ ஃபெயில்" என்றார். இதைவிடப் பொருத்தமான தொழில் பின்னணி வேறு என்ன வேண்டும்? 'தொலைநோக்கு' போய் அது வந்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை


அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியை வைத்த வேகத்தில் இங்கே என் காது அதிர்ந்தது. அழுதுகொண்டே பேசினால் பாதி புரியாது. புரிந்த பாதியை வைத்து எழுதுகிறேன்.

மாநாட்டுப் புத்தகம் அச்சாகி விருந்தினர் கைக்கெல்லாம் போய்விட்டது. கார்க்காரர் மேடையேற மாட்டேன் என்கிறார். அவர் வராவிட்டால் நீயும் வேலைக்கு வர வேண்டாம் என்று உன் மேலாளர் சொல்லிவிட்டார். "எழுத்துப்பிழைய மட்டுந்தானே அத்தை பாக்கச் சொன்னேன்? ஊரார் வாழ்க்கையில இருக்கிற பிழையெல்லாம் யார் பாக்கச் சொன்னா?" என்றாய். நன்றாகத்தான் கேட்டாய். அதன் பிறகு "சும்மா இருக்கவே முடியாதா உங்களால?" என்றும் கேட்டாய். அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

பின்னாலேயே உன் கணவன் அழைத்தான். "கொஞ்சம் விட்டுக்குடும்மா, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடு" என்றான். பிறந்ததிலிருந்தே அவன் நடுவர்தான். ஒரு பந்தாவது ஆடிப் பார்த்ததில்லை. எழுதியதில் ஒரு பொய்யாவது இருந்தால் எழுதுகிறேன், காட்டு என்றேன்.

ஆனால் உன் வேலைக்கு ஆபத்து வரும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அதனால் கார்க்காரரை நானே அழைத்தேன்.

மனிதர் எடுத்ததுமே வைக்கப் பார்த்தார். கோபம் என்று நினைத்தேன், பயம். "என் வொய்ஃப் புத்தகத்தப் படிச்சுட்டாங்கம்மா" என்றார். கார் ஓட்டாததைக் கொள்கை என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் புண்ணியவதியும் அதை நம்பி, கல்யாணமான நாளிலிருந்து மழையிலும் வெயிலிலும் இவரை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறாள். இப்போது இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. எழுதியது உண்மை, ஆனால் உங்கள் வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டியதை நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன், அது என் தவறு என்று சொன்னேன். மனைவியிடம் கொடுங்கள் என்றேன்.

அவள் எடுத்ததுமே, "ஃபெயிலானது பரவால்லம்மா. கொள்கைன்னு நம்பி ஊரெல்லாம் பெருமையடிச்சேனே, அந்த மூஞ்சிய எங்க கொண்டு வெக்கறது?" என்றாள். நியாயம். கடைசித் தேர்வில் என்ன நடந்தது என்று கேட்டாயா என்றேன். கேட்கவில்லையாம். நான் கேட்டிருந்தேன், இடமில்லாததால் புத்தகத்தில் போடவில்லை. நடுரோட்டில் ஒரு நாய் படுத்திருக்கிறது. இவர் காரை நிறுத்தி, அது தானாக எழுந்து போகட்டும் என்று காத்திருக்கிறார். நாய் எழுந்திருக்கவில்லை. ஹாரன் அடிக்கவும் மனம் வரவில்லை. தேர்வு அதிகாரி இறங்கி நடந்தே அலுவலகம் போய்விட்டார். இவர் செய்யும் கார் முதலில் கற்றுக்கொண்ட பாடம், நாய்க்கு நிற்பதுதான்.

அந்தப் பக்கம், "இத ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்று அவரிடம் கேட்பது காதில் விழுந்தது. இரண்டு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் உன் மேலாளரிடம் நானே வந்து பேசுகிறேன். பெட்டி கட்டி வைத்திருக்கிறேன்.

அத்தை


அன்புள்ள மருமகளுக்கு,

பெட்டியைப் பிரித்துவிட்டேன். மாநாடு நல்லபடி முடிந்ததை உன் கணவன் சொன்னான். கார்க்காரர் வந்தாராம், மனைவி முன் வரிசையில் உட்கார்ந்தாளாம், நாய்க்கதையை அவரே மேடையில் சொல்ல அரங்கமே குலுங்கியதாம். சைக்கிள் கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்களாம். விளக்குப் பெண்ணை மட்டும் தேநீர் குடிக்க விடாமல் ஆளுக்கொரு சந்திப்பாகப் புகார் சொன்னார்களாம். பாவம். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். மருந்துக்கடை எதிரில் நான் கடந்து முடித்த பிறகும் பச்சை எரிகிறது. இவ்வளவு வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டுக் குறிப்புகளையும் "அந்த அம்மாவிடமே" கொடுக்கச் சொல்லி உன் மேலாளர் பல்லிளிக்கிறாராம். அவர் சொல்லி நான் செய்வதாக இல்லை. உன் வேலை உன் கையில் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிது. அதையும் உன் வாயால் நான் கேட்கவில்லை; ஒரு வாரமாகிறது, இன்னும் உன் குரல் வரவில்லை.

சும்மா இருக்க முடியாதா என்று கேட்டாய் அல்லவா? முயன்று பார்த்தேன். துறைமுக அலுவலகக் கடிதப் பிரிவில் நான் இருந்தவரை என் கண்ணுக்குத் தப்பி ஒரு கால்புள்ளி வெளியே போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு உன் மாமனார் இருந்தார். செய்தித்தாளை உரக்க வாசிப்பார், தப்பாக வாசிப்பார், நான் திருத்துவேன், சண்டை வரும், பொழுது போகும். இப்போது இந்த வீட்டில் தவறு செய்ய ஓர் ஆள் இல்லை. நீ அந்த மூன்று தாள்களை அனுப்பிய அன்று, காலையில் எழுந்ததும் மேசையில் உட்கார ஒரு காரணம் இருந்தது. அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்துவிட்டேன்.

நீயும் அவனும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை, ஏதாவது ஒரு தாள் அனுப்பு அம்மா. அச்சுக்குப் போகாததாகவே இருக்கட்டும். நீ பிழையோடு எழுது; நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
அத்தை