ஏர் ஓஸ் பிடித்தது நான்தான், சார்

சார்,

லேத் ஷெட்டில் இன்று கம்ப்ரஸரைத் திறந்துவிட்டார்கள். எண்ணெயும் ஈரமும் கலந்த அந்த வாடை ஆபீஸ் வரைக்கும் வந்தது. டீ ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றுபோனது. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இப்போதாவது எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள், நான் நாலாவதோடு நின்றவள்.

கணபதி ஏரியாவில் இருக்கும் இந்த பம்ப் கம்பெனிக்கு நீங்கள் கம்ப்யூட்டர் பார்க்க வந்த நாளிலிருந்தே உங்களைக் கேலி பேசித்தான் எனக்குப் பொழுது போனது. சாயங்காலம் ஒவ்வொரு மேசையாகப் போய் ஸ்விட்சை அணைப்பீர்கள். "ஏனுங்க சார், கரண்ட் ஆபீஸ்ல உங்களுக்குத் தனிச் சம்பளங்களா?" என்பேன். பாதியை எனக்குத் தருவதாகச் சொல்வீர்கள்.

இருபது கம்ப்யூட்டரையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று முதலாளி சொன்ன அன்றுதான் உங்கள் குரல் உயரக் கேட்டேன். மெமரியும் டிஸ்க்கும் மாற்றினால் இன்னும் அஞ்சு வருஷம் ஓடும், வெளியே போனால் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள், அந்தப் புகை நம் பிள்ளைகள் மூக்கில்தான் ஏறும் என்றீர்கள். முதலில் மூன்றைச் சரிசெய்து காட்டச் சொன்னார் முதலாளி.

மூன்றையும் முடித்து, மூடி போடாமல் சாப்பிடப் போனீர்கள். உள்ளே தூசி தெரிந்தது. ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஷெட்டிலிருந்து கம்ப்ரஸர் காற்றடிக்கும் ஏர் ஓஸை இழுத்து வந்து மூன்றிலும் அடித்தேன். பம்ப்பை அப்படித்தானே இங்கே சுத்தம் செய்கிறோம். ஓஸில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று தோன்றவே இல்லை. தெறித்த ஈரத்தை மட்டும் துணியால் ஒற்றிவிட்டு வந்துவிட்டேன்.

முதலாளி முன்னால் ஒன்றுகூட ஆன் ஆகவில்லை. இருபதும் லாரியில் ஏறின. நீங்கள் கேட் ஓரமாக நின்று பார்த்தீர்கள்.

"எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டேனுங்கக்கா" என்றீர்கள். பிறகு, "என்ன, இன்னைக்கு வாயே திறக்கல?" என்றும் கேட்டீர்கள். நான் டம்ளர் கழுவப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் எதைப் பிரித்தாலும் இரண்டு தடவை பார்த்து மூடுவீர்கள். நாளைக்குச் சொல்லலாம் என்றே வருஷக்கணக்கில் இருந்தேன். போன ஆடியில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அன்று வாங்கிய புதுசும் இப்போது பழசாகிவிட்டது. போன வாரம் மறுபடியும் லாரிப் பேச்சு வந்தது. டீத் தட்டை வைத்துவிட்டு முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனை எடுத்தார். லாரி வேண்டாம், ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுங்கள் என்று சொன்னார். என் பக்கம் திரும்பி, "இத அவருகிட்டல்ல சொல்லியிருக்கோணும், அம்மணி" என்றார்.

உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை, சார்.