வெறும் கூடு

செவ்வாய், நவம்பர் 12

எதிர்வீட்டு ரூத் யூதப் பெண். அவளுடைய கதவுநிலையில் இருந்த, யூத வீட்டுக்கு அடையாளமான சின்ன வேதச்சுருள் கூட்டை யாரோ பிடுங்கிப் படியில் எறிந்துவிட்டார்கள். இனி அதை வீட்டுக்குள்ளேயே வைக்கப்போவதாக அழுதாள். பக்கத்துவீட்டு மார்சியா சுத்தியலோடு வந்தாள். மார்சியா ஜமேக்காக்காரி. போன வருடம் அவளுடைய கதவில் கறுப்பர்களை ஏசி எழுதியிருந்ததை, அவள் வேலையால் வருமுன் தேய்த்து அழித்தவள் ரூத்.

"வெளியிலதான் இருக்கவேணும்," என்று மார்சியா நேராக அடித்தாள்.

"எங்கட முறைப்படி சரிச்செல்லோ அடிக்கிறது!" ரூத் அழுகையோடு அழுகையாகக் கத்தினாள்.

மார்சியா கழற்றிச் சரித்து அடித்தாள். "எனக்கும் ஒரு வெறும் கூடு தா. எது யூத வீடெண்டு தெரியாமல் முழிக்கட்டும்."

நான் ஆணிகளை எடுத்துக் கொடுத்தேன். இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். பயந்த மனிசன், ஏசுவார் என்று நினைத்தேன்.

"எங்களுக்கும் ஒண்டு கேட்டனீரோ?" என்றார்.