பனியில் வழுக்கிய கார்

டிசம்பர் 28, கிங்ஸ்பரி

இன்று வேல்ஸ் மலைப்பாதையில் கார் பனிக்கட்டியில் வழுக்கி, கல்மதிலில் மோதி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. உடனே மனைவி வதனியிடம் கத்தினேன்: "நீ வாய் ஓயாமல் அலட்டிக்கொண்டு வந்தபடியால்தான் இப்படி!"

"ஓமப்பா, நான் பேசாமல் இருந்திருக்க வேணும்" என்றாள்.

"மெல்லமாப் போங்கோ" என்று மட்டுந்தான் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். நான்தான் போனைக் குனிந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தன் அக்காவுக்குப் போன் எடுத்து, "பிழை என்னிலதான் அக்கா, அவர் பாவம்" என்றாள். பக்கத்தில் இருந்தும் நான் வாய் திறக்கவில்லை.

படுக்கப்போகுமுன் மகள் வந்து கேட்டாள்: "அப்பா, நீங்கள் போன் பார்த்ததை அம்மாவுக்கு எப்ப சொல்லப்போறீங்கள்?"

பின்சீட்டிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"நாளைக்கு" என்றேன்.

பக்கத்து அறையில் வதனி இன்னும் விழித்துத்தான் இருக்கிறாள்.